நீரிற் கலந்த பார உலோகங்களும் பசுங்கரைப்பான்களும்

குச்சவெளிப் பிரதேசக் கமக்காரருக்கு நீர் இரு வழியாகக் கிடைக்கின்றது. நிலாவெளி தொடங்கி இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி ஊடாகப் புல்மோட்டை வரையிற் கடலோரமாக நீண்டு கிடக்கும் மணற்றரையில் ஆழங்குறைந்த கிணறுகள் உள்ளன. உட்புறத்திலே குளங்களும், றிட்டிகல மலைப்பக்கத்தில் உற்பத்தியாகி அனுராதபுர மாவட்டத்தைக் கடந்து புல்மோட்டைக்கு அணித்தாய்க் கடலைச் சேரும் யான் ஓயாவும் உள்ளன. குளத்து நீரால் நெல் விளைகின்றது. கிணற்று நீரால் மிளகாயும் வெங்காயமும் கத்தரியும் கீரையும் விளைகின்றன. அதே கிணற்று நீரைத்தான் வீட்டாரும் அள்ளிக் குடிக்கின்றனர். எனவே தோட்டத்துக்கு இடும் பொருள் எதுவாயினும் அது வீட்டுக் குடத்துக்கு வரும் வழி மிகக் குறுகியது என்பதை முதலில் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

நீரிற் கலந்த ஈயம், கட்மியம், ஆசனிக் முதலியவற்றைச் சுற்றாடலுக்குத் தீங்கு குறைந்த திரவங்களைக் கொண்டு பிரித்தெடுக்கலாம் என்னும் செய்தி இப்போது பரவலாகப் பேசப்படுகின்றது. அத்திரவங்களைப் ‘பசுங்கரைப்பான்கள்’ என்பர். செய்தி உண்மையே. ஆயினும் ஆய்வுகூடத்தில் உண்மையாயிருப்பது கிணற்றடியிலும் அவ்வாறே பயன்படுமா என்பது வேறு கேள்வி. அக்கேள்விக்கு விடை கூறுவதும், கமக்காரர் தம் கையாலே செய்யக்கூடியவை எவையென விளக்குவதும் இப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

பார உலோகம் என்பது யாது?

ஈயம், கட்மியம், இரசம், குரோமியம் முதலியன பார உலோகங்கள் எனப்படும். ஆசனிக் முற்றான உலோகமன்று. எனினும் தீங்கு ஒத்ததாகையால் அதனையும் இவற்றோடு சேர்த்தே கூறுவது வழக்கம். செம்பும் நாகமும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. அவை சிறிதளவிற் பயிருக்கும் மனிதருக்கும் வேண்டியவை. மிகுந்தால் மட்டுமே நஞ்சு. ஈயத்துக்கும் கட்மியத்துக்கும் அத்தகைய நற்பயன் ஒன்றும் நம் உடலில் இல்லை. கட்மியம் சிறுநீரகத்தைச் சென்றடைந்து அங்கே பல ஆண்டுகள் தங்கும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

பூச்சிநாசினி பெரும்பாலும் வெயிலாலும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களாலும் நாளடைவிற் சிதைகின்றது. கிருமிகள் கொதிநீரில் மடிகின்றன. உலோகமோ சிதைவதுமில்லை, மடிவதுமில்லை, எரிந்து போவதுமில்லை. ஓரிடத்திலிருந்து அகற்றப்பட்டால் மற்றோரிடத்திற் சென்று தங்கும். நீரைச் சுத்தஞ் செய்யும் எம்முறையைப் பற்றியும் ‘அகற்றிய உலோகம் எங்கே போயிற்று?’ என்று கேட்டல் வேண்டும். இதற்கு விடை சொல்ல இயலாத முறை முழுமையான முறையன்று.

நீரைக் கொதிக்க வைத்தால் எல்லாத் தீங்கும் நீங்கும் என்று எண்ணுவோர் உளர். கிருமியைப் பொறுத்தவரை அது சரி. உலோகத்தைப் பொறுத்தவரை நேர்மாறானது. பத்து லீற்றர் நீரைக் கொதிக்க வைத்து எட்டு லீற்றராக வற்றச் செய்தால், முன்னிருந்த உலோகம் முழுவதும் அந்த எட்டு லீற்றரிலேயே இருக்கும். அதன் செறிவு கால்பங்கு கூடிவிடும். துணியால் வடித்தலும் குளோரீன் இடுதலும் கரைந்த உலோகத்தை ஒன்றும் செய்யா.

இவ்விடத்திற் புல்மோட்டைக் கருமணலைப் பற்றி ஒரு வார்த்தை கூறுதல் தகும். அம்மணலில் இல்மனைற்று, உரூற்றைல், சிர்க்கோன் ஆகிய பாரமான கனியங்கள் உண்டு. ‘பாரக் கனியம்’ என்பதும் ‘பார உலோகம்’ என்பதும் செவிக்கு ஒன்றுபோலத் தோன்றினும் பொருள் வேறு. இல்மனைற்றில் இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனோடு இறுகப் பிணைந்து கல்லாக உள்ளன. சாதாரண கிணற்று நீரில் அவை எளிதிற் கரைவதில்லை. கிணற்றடி மணல் கறுப்பாக இருப்பதைக் கொண்டு மட்டும் நீர் நஞ்சென்று முடிவு செய்தல் தவறு. மணல் வெள்ளையாக இருப்பதைக் கொண்டு நீர் தூயதென்று முடிவு செய்தலும் அத்தகைய தவறே. கண்ணாலும் நாவாலும் மூக்காலும் கட்மியத்தையோ ஈயத்தையோ அறிய முடியாது.

வயலுக்குள் வரும் வழிகள்

குடிநீரில் இருக்கத்தக்க மேலெல்லையாக உலக சுகாதார நிறுவனம் கூறுவது, ஒரு லீற்றருக்குக் கட்மியம் 0.003 மில்லிகிராம், ஈயம் 0.01 மில்லிகிராம், ஆசனிக் 0.01 மில்லிகிராம் என்பதாகும். பயிருக்குப் பாய்ச்சும் நீருக்கு ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனம் காட்டும் அளவு கட்மியத்துக்கு 0.01 மில்லிகிராம், ஆசனிக்குக்கு 0.1 மில்லிகிராம். இவ்வெண்கள் மிகச் சிறியனவாகத் தோன்றலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் அவற்றின் பொருள் விளங்கும்.

பொசுபரசுப் பசளையாகிய ரி.எஸ்.பி., பொசுபேற்றுப் பாறையிலிருந்து செய்யப்படுவது. அப்பாறையில் இயற்கையாகவே சிறிது கட்மியம் உண்டு; பாறை எந்நாட்டிலிருந்து வந்ததோ அதற்கேற்ப அளவு வேறுபடும். ஐரோப்பிய ஒன்றியம் 2022ஆம் ஆண்டு யூலை மாதம் முதல் நடைமுறைப்படுத்திய விதியின்படி, பசளையிலுள்ள ஒவ்வொரு கிலோகிராம் பொசுபரசு ஐயொட்சைட்டுக்கும் கட்மியம் 60 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. ரி.எஸ்.பி.யில் அவ்வொட்சைட்டு நூற்றுக்கு 46 பங்கு. எனவே 50 கிலோகிராம் மூடை ஒன்றில், அவ்வெல்லை வரை கட்மியம் இருப்பதாகக் கொண்டால், ஏறக்குறைய 1.4 கிராம் இருக்கும். ஓர் ஏக்கர் நிலத்தின் மேலடுக்கு மண், ஆறங்குல ஆழத்துக்கு, சுமார் 9 இலட்சம் கிலோகிராம் எடையுள்ளது. அதிலே 1.4 கிராமைக் கலந்தால் மண்ணின் ஒரு கிலோகிராமுக்கு 0.0015 மில்லிகிராம் மட்டுமே சேரும். இது அஞ்சத்தக்க அளவன்று. ஆனால், ஆண்டுக்கு ஒரு மூடையாக நூறு ஆண்டுகள் இட்டால், வெளியேறுவது மிகக் குறைவாகையால், 0.15 மில்லிகிராம் வரை சேரக்கூடும். வேண்டியதற்கு மேல் இடும் ஒவ்வொரு மூடையும் நம் பேரப்பிள்ளைகளின் மண்ணில் எழுதப்படுகின்றது.

இனி நீரைக் கவனிப்போம். ஓர் ஏக்கருக்கு நான்கங்குல உயரம் நீர் கட்டினால் அது சுமார் 4 இலட்சம் லீற்றராகும். அந்நீரில் லீற்றருக்கு 0.01 மில்லிகிராம் கட்மியம் இருக்குமாயின், அந்த ஒருமுறைப் பாய்ச்சலிலேயே 4 கிராம் கட்மியம் வயலுக்குள் வந்துவிடும். மேற்கூறிய பசளை மூடையில் இருப்பதைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு இது. நெல்லுக்கு ஒரு போகத்தில் இவ்வாறு எத்தனை முறை நீர் கட்டுகின்றோம் என்பதைக் கமக்காரரே அறிவர். பசளையைப் பற்றிப் பேசும் அளவுக்கு நாம் பாய்ச்சும் நீரைப் பற்றிப் பேசுவதில்லை.

பிற வழிகளும் உண்டு. கரையோரத்திற் கமமும் கடற்றொழிலும் ஒரே வீட்டில் நடைபெறுவது வழக்கம். பழைய பெற்றறிகளை உடைத்து ஈயத்தை முற்றத்தில் உருக்கி வலைக்குக் குண்டு வார்ப்பது கிணற்றுக்கும் குழந்தைக்கும் ஒருங்கே கேடு. அதன் புகையும் சாம்பலும் அமிலமும் மணற்றரையில் விரைவாக இறங்கும். நகரக் குப்பையிலிருந்து செய்த கூட்டெருவிலும் உலோகம் இருக்கலாம். எனவே அது எங்கிருந்து வந்தது, சோதிக்கப்பட்டதா என்று கேட்டறிந்த பின்னரே வாங்குக. இரசம் கலந்த விதை மருந்துகள் முன்னாளிற் பல நாடுகளில் வழங்கின. ஈராக்கில் 1971, 1972ஆம் ஆண்டுகளில், அம்மருந்து தடவிய விதைக் கோதுமையை மாவாக்கி உண்டவர் நூற்றுக்கணக்கில் மாண்டனர். கைவிடப்பட்ட இத்தகைய பழைய மருந்துகள் எவர் வீட்டுப் பரணிலேனும் கிடந்தால் அவற்றைப் பயன்படுத்தவோ, நிலத்திற் புதைக்கவோ, வாய்க்காலிற் கொட்டவோ வேண்டாம். விவசாயப் போதனாசிரியருக்கு அறிவியுங்கள்.

திருகோணமலை மாவட்டத்தின் வடமேற்கிலுள்ள பதவி ஸ்ரீபுரவிலும் அதனை அடுத்த வடமத்திய மாகாணத்திலும் 1990ஆம் ஆண்டுகள் முதல் கமக்காரர் பலரைப் பீடித்து வரும் சிறுநீரக நோயையும் இங்கே கருதல் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு செய்யப்பட்டு 2013இல் வெளியான ஆய்வு, நோயாளரின் சிறுநீரிற் கட்மியம் மற்றையோரினும் கூடுதலாக இருந்தமையைக் காட்டிற்று. ஆனால் அவர்கள் குடித்த நீரிற் கட்மியமும் ஈயமும் எல்லைக்குள்ளேயே இருந்தன. நீரின் வன்மை, புளோரைட்டு, வெப்பத்தில் நீரருந்தாது உழைத்தல், விவசாய இரசாயனங்கள் முதலிய பல காரணங்கள் ஆராயப்பட்டுள்ளன. ‘இந்நோய்க்கு உலோகமே காரணம், இம்மருந்து அதனை நீக்கும்’ என்று சொல்லி எவரேனும் ஒரு பொருளை விற்க வந்தால், அவர் ஆராய்ச்சியாளரினும் கூடுதலாக அறிந்தவர் போலப் பேசுகின்றார் என்று கொள்க.

கரைப்பான் உலோகத்தை எவ்வாறு எடுக்கின்றது?

நீரும் தேங்காயெண்ணெயும் ஒரு போத்தலில் ஊற்றிக் குலுக்கி வைத்தால் சிறிது நேரத்தில் இரண்டும் தனித்தனியே படியும். கரைப்பான் பிரித்தெடுப்பு என்னும் முறைக்கு இதுவே அடிப்படை. நீரோடு கலவாத திரவம் ஒன்றில், உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் இயல்புடைய பொருளொன்று இருக்குமாயின், குலுக்கும்போது உலோகம் நீரை விட்டு அத்திரவத்துக்குள் ஏறும். பின்பு மேலே மிதக்கும் திரவத்தை எடுத்து, அமிலம் கலந்த சிறிதளவு நீரோடு மறுபடி குலுக்கினால், உலோகம் அவ்வமில நீருக்குள் இறங்கிவிடும். திரவத்தைத் திரும்பவும் பயன்படுத்தலாம். இம்முறை புதியதன்று. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் 1968 முதல் செம்பை இவ்வாறு பெருமளவிற் பிரித்தெடுத்து வந்தனர். ஆனால் அதற்குப் பயன்பட்டது மண்ணெண்ணெய் போன்ற திரவம். அது தீப்பற்றும், சிந்தினால் மண்ணையும் நீரையும் கெடுக்கும்.

இக்குறையை நீக்கவே பசுங்கரைப்பான்கள் தேடப்பட்டன. இங்கிலாந்தின் இலெசுற்றர்ப் பல்கலைக்கழகத்தில் அபொட் என்பவரும் அவர் குழுவினரும் 2003இல் வியத்தகு கலவையொன்றை அறிவித்தனர். கோழித்தீனிற் சேர்க்கப்படும் கோலின் குளோரைட்டு ஒரு பங்கும், நாம் வயலுக்கு இடும் யூரியா இரு பங்கும், மூலக்கூற்றளவிற் கலந்தது அது. தனித்தனியே முன்னையது 302 பாகை செல்சியசிலும் பின்னையது 133 பாகையிலும் உருகும் திண்மங்கள். இரண்டையும் சேர்த்தாலோ 12 பாகையிலேயே உருகித் திரவமாகி விடும். நம் நாட்டு வெப்பத்தில் எப்போதும் திரவமே. இத்தகைய கலவைகள் பல உலோக ஒட்சைட்டுக்களைக் கரைக்கும். விலை குறைவு, தீப்பற்றும் இயல்பும் குறைவு.

ஆயினும் ஒரு தடை உண்டு. அக்கலவை நீரோடு முற்றாகக் கலந்துவிடும். நீரோடு கலந்துவிடும் கரைப்பானால் நீரிலிருந்து எதையும் பிரிக்க இயலாது. சருக்கரையை நீரிலிட்டு நீரிலுள்ள உப்பை எடுக்க முனைவது போலாகும். எனவே 2015ஆம் ஆண்டு முதல், நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோரும் பின்னர்ப் பிறரும், நீரோடு எளிதிற் கலவாத கலவைகளை ஆக்கத் தொடங்கினர். அவற்றுள் தெக்கனோயிக் அமிலமும் மெந்தோலும் சேர்ந்தவை உண்டு. மெந்தோல் புதினாவிலிருந்து வருவது. தெக்கனோயிக் அமிலம் தேங்காயெண்ணெயில் நூற்றுக்குச் சில பங்கு பிணைந்த நிலையில் இருக்கின்றது. இவை நமக்கு அந்நியமான பொருள்களல்ல என்பதை இதனால் அறியலாம்.

அவ்வாறாயின் தேங்காயெண்ணெயையே நீரோடு குலுக்கலாமே எனின், ஆகாது. எண்ணெயில் அமிலம் கிளிசரினோடு கட்டுண்டு கிடக்கின்றது. உலோகத்தைப் பற்றும் கை அதற்குச் சுதந்திரமாக இல்லை. கட்டவிழ்த்த அமிலமே பற்றும்.

கிணற்று நீருக்கு ஏன் பொருந்தாது?

முதலாவது காரணம் நீரின் வன்மை. இவ்வுலர்வலயத்துக் கிணறுகள் பலவற்றிற் சவர்க்காரம் நுரைப்பதில்லை. வெண்மையான பிசுக்கே மிதக்கும். அது நீரிலுள்ள கல்சியத்தைச் சவர்க்காரத்திலுள்ள கொழுப்பமிலம் பற்றியதனால் உண்டாவது. தெக்கனோயிக் அமிலமும் ஒரு கொழுப்பமிலமே. கிணற்று நீரில் லீற்றருக்குக் கல்சியம் 100 மில்லிகிராம் இருக்க, கட்மியம் 0.02 மில்லிகிராம் இருக்குமாயின், அவ்வமிலத்தின் முன்னே ஒரு கட்மியத்துக்கு எதிராக ஐயாயிரம் மடங்கு எடையுள்ள கல்சியம் நிற்கின்றது. நெல்மூடையிற் கிடக்கும் ஒரு கடுகைத் தேடி எடுக்கும் வேலை அது.

இரண்டாவது காரணம் அதனினும் முக்கியமானது. நீரோடு கலவாத திரவம் எனினும் சிறிதளவு கரையவே செய்யும். தெக்கனோயிக் அமிலம் ஒரு லீற்றர் நீரிற் சுமார் 150 மில்லிகிராம் வரை கரையும். 0.02 மில்லிகிராம் கட்மியத்தை அகற்றப் போய், அதனைப்போல் ஏழாயிரம் மடங்குக்கு மேற்பட்ட கரைப்பானை நீரில் விட்டுவிடக் கூடும். அக்கரைப்பான் பசுமையானதாகவே இருக்கட்டும். அந்நீரை எவர் குடிப்பர்? பின்பு அதனை நீக்க மற்றொரு வடிகட்டு வேண்டும். அவ்வடிகட்டு கரி எனின், அக்கரியே முதலில் உலோகத்தையும் பெருமளவு பற்றியிருக்கும்.

மூன்றாவது, மேலே சொன்ன கேள்வி. அமில நீருக்குள் இறக்கிய உலோகத்தை எங்கே வைப்பது? தொழிற்சாலையில் அதற்கு இடமுண்டு. அங்கே அவ்வுலோகம் விலைப்பொருளுமாகும். உலோகம் செறிந்த கழிவுநீரை வெளியேற்றும் முலாம் பூசுந் தொழிற்சாலைகள், பெற்றறித் தொழிற்சாலைகள், சுரங்கங்கள் ஆகியவையே பசுங்கரைப்பான்கள் உண்மையில் உரிய இடம். கழிவு ஆற்றிற் கலக்குமுன் ஆலைக்குள்ளேயே உலோகத்தைப் பிடித்து நிறுத்தினால், கீழேயுள்ள கமக்காரர் அனைவரும் நன்மை பெறுவர். அதனை ஆலைகள் செய்தல் வேண்டும். அவ்வாறு செய்யுமாறு கேட்பதும் கமக்காரர் உரிமையாகும்.

தவறினால் நேர்வது யாதென்பதை யப்பானின் தொயாமா மாவட்டம் காட்டுகின்றது. கமியோக்கா சுரங்கத்திலிருந்து சின்சு ஆற்றிற் கலந்த கட்மியம், அவ்வாற்று நீர் பாய்ந்த நெல்வயல்களிற் படிந்து, சோற்றின் வழியாக மக்களை அடைந்தது. எலும்புகள் மெலிந்து முறியும் அந்நோயை ‘வலிக்கிறது, வலிக்கிறது’ என்னும் பொருள்பட ‘இத்தாய்-இத்தாய்’ என்றே அழைத்தனர். 1968இல் யப்பானிய அரசு அதனைச் சுரங்கக் கழிவால் வந்த நோயென ஏற்றுக்கொண்டது. கெட்ட வயல்களின் மண்ணை மூடி வேற்றிடத்து நன்மண்ணைப் பரப்பும் வேலை 2012 வரை நீடித்தது. ஆற்றைக் கெடுத்தது ஒரு தலைமுறை. வயலைத் திருத்தியது மற்றொரு தலைமுறை. வேறு சில வயல்களில் யப்பானிய ஆராய்ச்சியாளர் பெரிக்குக் குளோரைட்டுக் கரைசலால் மண்ணையே கழுவி, கழுவிய நீரை அங்கேயே சுத்திகரித்துக் கட்மியத்தைப் பிடித்தனர். அது இயந்திரமும் பொறியியலாளரும் கொண்டு செய்த வேலை. தேசிக்காய்ச் சாற்றிலுள்ள சித்திரிக் அமிலமும் மண்ணிலிருந்து உலோகத்தை இளக்கும் என்று கேள்வியுற்று, எவரும் அவ்வமிலத்தைத் தம் தோட்டத்தில் ஊற்றிவிட வேண்டாம். இளகிய உலோகத்தைப் பிடிக்க வழியில்லையாயின் அது நேரே கிணற்றுக்கே இறங்கும்.

வீட்டிலே செய்யத்தக்கவை

வடகீழ்ப் பருவமழையே நமக்குக் கிடைத்த நல்ல நீர். 20 சதுர மீற்றர் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 2,000 லீற்றர் விழும். முதல் மழையாற் கூரையைக் கழுவவிட்டு, பின்வருவதை மூடிய தொட்டியிற் சேர்த்தால் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் உதவும். ஈயம் கலந்த பழைய வர்ணம் பூசிய கூரையும் ஈயத்தகடு வைத்த பீலியும் இதற்கு ஆகா.

தேங்காய்ச்சிரட்டைக் கரியை நீராவியால் உயர்ந்த வெப்பத்திற் பதப்படுத்தினால் அதனுள் எண்ணற்ற நுண்டுளைகள் உண்டாகும். அதுவே ஏவப்பட்ட காபன். இலங்கை இதனைப் பெருமளவில் ஏற்றுமதி செய்கின்றது. இது ஈயத்தையும் ஓரளவு கட்மியத்தையும் பற்றும். அடுப்புக்கரி அந்த அளவுக்குப் பற்றாது. எக்கரியாயினும் நிறைந்துவிட்டாற் பின்பு பற்றாது. நீர் தெளிவாக வருவதைக் கண்டு ஏமாறலாகாது. மாற்றிய பழைய கரியைத் தோட்டத்துக்கோ எருக்குழிக்கோ இடாதிருப்பீராக.

ஆசனிக் கலந்த நீருக்கு இரும்புத்துருவே சிறந்த பற்றுபொருள். 1993இல் ஆசனிக் கண்டுபிடிக்கப்பட்ட வங்காள தேசத்தில், இரும்புச் சீவலும் மணலும் கரியும் அடுக்கிய வாளி வடிகட்டுக்களைப் பலர் பயன்படுத்தினர். நேபாளத்தில் துருப்பிடித்த ஆணிகளை மணல் வடிகட்டின் மேல் இட்டு அவ்வேலையைச் செய்தனர். நீரில் ஆசனிக் உண்டென்று சோதனை காட்டினாலன்றி நாம் இதனைச் செய்ய வேண்டியதில்லை. மலிவான பொருள் கொண்டும் பெரிய தீங்கை எதிர்க்கலாம் என்பதற்காகவே இங்கு கூறப்பட்டது.

சிறுநீரக நோய் பரவிய ஊர்களில் நிறுவப்பட்டுள்ள ‘ஆர்.ஓ.’ என்னும் மென்சவ்வு வடிகட்டு நிலையங்கள் உப்பையும் உலோகத்தையும் ஒருங்கே அகற்ற வல்லன. அவற்றிலிருந்து ஒதுக்கப்படும் நீரிலேதான் அகற்றிய யாவும் செறிந்திருக்கும். அந்நீரைத் தோட்டத்துக்குப் பாய்ச்சலாகாது.

ஆகாயத்தாமரை நீரிலுள்ள உலோகத்தை வேரால் உறிஞ்சும் என்பது மெய்யே. ஆனால் இலங்கையில் 1909ஆம் ஆண்டிலேயே சட்டமியற்றித் தடுக்கப்பட்ட களை அது. குளத்தில் விட்டால் குளத்தை மூடிவிடும். அழுக்கு நீரில் வளர்ந்த அதனை வெட்டிக் கூட்டெருவாக்கி வயலிலிட்டால், குளத்திலிருந்த உலோகத்தை நாமே சுமந்து வயலிற் சேர்த்தவராவோம்.

வயலிலும் தோட்டத்திலும் செய்யத்தக்கவை

நீரிலிருந்து உலோகத்தை எடுப்பது கடினமாயினும், மண்ணிலுள்ள உலோகம் பயிருக்குள் ஏறாதவாறு தடுப்பது பெரும்பாலும் கமக்காரர் கையிலேயே உள்ளது. நீர் கட்டிய வயலிற் காற்றோட்டம் குறைந்து, கட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து கரையாத நிலையை அடையும். வயலைக் காயவிட்டால் அது மறுபடி கரைந்து வேருக்குச் செல்லும். ஆகவே யப்பானிற் கட்மியம் உள்ள வயல்களுக்கு, கதிர் வெளிவருமுன் மூன்று கிழமையும் வந்தபின் மூன்று கிழமையும் நீர் வற்றாது வைத்திருக்குமாறு அறிவுறுத்துகின்றனர். ஆசனிக்கின் நடத்தை இதற்கு நேர்மாறானது. நீர் கட்டியே வைத்தால் அது கரைந்து ஏறும், இடையிடையே காயவிட்டால் குறையும். எவ்வுலோகம் என்று அறியாமல் நீர்முறையை மாற்றினால் ஒன்றைக் குறைத்து மற்றையதைக் கூட்டிவிட நேரும். சோதனை ஏன் முதலில் வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான காரணம் இல்லை.

கடலோரத் தோட்டங்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. உப்பிலுள்ள குளோரைட்டு மண்ணிலே கட்மியத்தோடு சேர்ந்து அதனை இளக்கி வேருக்கு எளிதாக்கும். நீரிறைக்கும் பம்பியால் அளவுக்கு மிஞ்சி இறைத்து நன்னீர் குறையும்போது கடல்நீர் கிணற்றுக்குள் ஏறுகின்றது. அந்த உவர்நீரைப் பாய்ச்சினால் விளைச்சல் குறைவதோடு, மண்ணில் முன்பே உள்ள சிறிதளவு கட்மியமும் கீரைக்குள் ஏற வழி உண்டாகும். காலையிற் சிறிதும் மாலையிற் சிறிதுமாக இறைத்து, கிணறு ஊற இடங்கொடுத்தல் இரண்டுக்கும் நல்லது.

மணற்றரை உலோகத்தைப் பற்றி வைக்கும் ஆற்றல் குறைந்தது. நன்கு மக்கிய மாட்டெருவும் இலைகுழைகளும் இட்டால் அவ்வாற்றல் கூடும். மண் புளித்திருப்பின், சோதனைக்குப் பின், சுண்ணாம்பு இடுதல் கட்மியத்தை அடக்கும். பொசுபரசுப் பசளையை மண்பரிசோதனைப்படியே இடுக. பல போகங்களாகத் தொடர்ந்து இட்ட வயல்களில் முன்னிட்டதே மிகுந்து கிடத்தல் கூடும்.

மரக்கறிகளுள் கீரைவகைகள் கட்மியத்தை மிகுதியாக ஏற்கும். பயற்றை, பூசணி முதலியன குறைவாகவே ஏற்கும். ஐயத்துக்கிடமான நிலத்திற் பொன்னாங்காணியையும் வல்லாரையையும் தவிர்த்துப் பயற்றையை இடலாம். ஈயம் பெரும்பாலும் வேர்வழியாக ஏறாமல் தூசாகவே இலையிற் படியும்; ஓடும் நீரிற் பலமுறை அலசினால் பெரும்பகுதி போய்விடும்.

நீரைச் சோதிக்கும் முறை

கிணற்றை அண்மித்த இடத்தில் பெற்றறி உடைத்திருந்தாலும், குப்பை புதைத்திருந்தாலும், பழைய மருந்துப் போத்தல்கள் கிடந்தாலும், அவ்வூரிற் சிறுநீரக நோயாளர் பலர் இருந்தாலும் நீரைச் சோதிப்பித்தல் வேண்டும். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடங்கள் குடிநீரைச் சோதிக்கின்றன. உப்பும் வன்மையும் மட்டும் பார்க்கும் சாதாரண சோதனையில் உலோகம் தெரியாது. ‘ஈயம், கட்மியம், ஆசனிக் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்’ என்று தனியே கேளுங்கள். செலவைக் குறைக்க விரும்பினால் ஒரே மணற்றரையில் அடுத்தடுத்துள்ள கிணற்றுக்காரர் சேர்ந்து ஒரு கிணற்றை முதலிற் சோதிப்பிக்கலாம்.

ஆய்வுகூடம் தரும் சுத்தமான பிளாத்திக்குப் போத்தலையே பயன்படுத்துக. மருந்துப் போத்தலோ சோடாப் போத்தலோ ஆகாது. பம்பியாயின் சில நிமிடம் நீரை ஓடவிட்டுப் பின்பு நிரப்புக. வாளியாயின் கிணற்றின் அடிச்சேற்றைக் கலக்காது நடுநீரை அள்ளுக. போத்தலின் மேல் கிணற்றின் அடையாளம், ஆழம், எடுத்த தேதி, நேரம், கடைசியாகப் பசளை இட்ட நாள் ஆகியவற்றை எழுதி அன்றே ஒப்படையுங்கள். சிறுபோகத்தின் இறுதியில், நீர் மிகத் தாழ்ந்திருக்கும்போது ஒருமுறையும், மாரி மழைக்குப் பின் ஒருமுறையும் எடுப்பது நலம். இரண்டு காலத்து நீரும் ஒன்றாயிரா. சோதனை அறிக்கை கிடைத்ததும் அதனைக் கமநல சேவை நிலையத்துக்குக் கொண்டு சென்று, உங்கள் வயலின் மண்பரிசோதனை அறிக்கையோடு சேர்த்து, விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள்.